சுருள்பாசித் தொட்டிக்கு விளக்கு வாங்கலாமா?

ஸ்பைருலினா எனப்படும் சுருள்பாசியை வளர்க்க விரும்பி, திருப்பூர், ஊத்துக்குளி, காங்கேயம் பகுதிகளிலிருந்து யோசனை கேட்டு வரும் உழவர்களுள் பலர் முதலில் கேட்பது தொட்டியைப் பற்றியோ விதைப்பாசியைப் பற்றியோ அன்று. "எந்த விளக்கு வாங்குவது?" என்பதுதான் அவர்களது கேள்வி. சிவப்பும் நீலமும் கலந்து எரியும் விளக்குத் தொகுதிகளைப் "பாசி வளர்ப்பு விளக்கு" என்று சொல்லிப் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்க முன்வருவோர் இருப்பதே இதற்குக் காரணம். கடன்பட்டாவது வாங்கிவிடலாம் என்று எண்ணுவோர், பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கீழ்க்காணும் கணக்கைத் தாங்களே ஒருமுறை போட்டுப் பார்த்தல் நலம்.

சுருள்பாசி நமக்குப் புதிதாக இருக்கலாம், உலகிற்குப் புதிதன்று. ஆப்பிரிக்காவில் சாடு ஏரிக்கரை மக்கள் இதனை அள்ளி, மணலில் பரப்பிக் காயவைத்து, குழம்பில் சேர்த்து உண்டு வருகின்றனர். மெக்சிகோவில் டெக்ஸ்கோகோ ஏரியிலிருந்து பழங்கால அஸ்டெக் மக்கள் எடுத்து உண்டனர். நம் மாநிலத்தில் சென்னையிலுள்ள முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையம் கிராமத்திற்கேற்ற எளிய வளர்ப்பு முறைகளை உருவாக்கியது. உலர்ந்த பாசியில் 55 முதல் 70 சதம் வரை புரதம் உண்டு. மேற்கண்ட இடங்களில் ஏரியிலும் திறந்த தொட்டியிலும் பாசி வளர்ந்தது வெயிலில்தான்.

விளக்கின் கணக்கு

வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். உச்சி வெயிலில் திறந்த வெளியில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் இருக்கும். நன்கு வளரும் சுருள்பாசிக்கு அதன் மேல் விழவேண்டிய வெளிச்சம் 10,000 லக்ஸ் என்று மிகக் குறைவாகவே வைத்துக் கொள்வோம்.

கடையில் கிடைக்கும் 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு ஒன்று சுமார் 2,000 லூமென் ஒளி தரும். ஒரு சதுர மீட்டர் பரப்பின் மேல் 2,000 லூமென் முழுவதும் சிதறாமல் விழுந்தால் கிடைப்பது 2,000 லக்ஸ். ஆகவே 10,000 லக்ஸ் வேண்டுமாயின் சதுர மீட்டருக்கு ஐந்து குழல் விளக்குகள், அதாவது 100 வாட், தேவைப்படும். நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரித்தால் 1.2 யூனிட் செலவாகும். இந்த வெளிச்சத்தில் அந்த ஒரு சதுர மீட்டர் தரக்கூடிய உலர்பாசி 5 கிராமுக்கு மேல் போவது அரிது. ஒரு கிலோ உலர்பாசி சேர 240 யூனிட் எரிக்க வேண்டும். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்துக் கொண்டால் 1,920 ரூபாய்! விளக்கின் விலை, சோடா உப்பு, ஆள் கூலி, உலர்த்தும் செலவு ஆகியவை இதில் சேரவில்லை. ஒளிக் கதிர் ஒன்றுகூட வீணாகாது என்று வைத்துப் போட்ட கணக்கு இது. நடைமுறையில் இன்னும் கூடும்.

இனி வெயிலைப் பார்ப்போம். நமது வட்டாரத்தில் ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு நாளில் விழும் சூரிய சக்தி, ஆண்டுச் சராசரியாக, சுமார் 5 யூனிட் மின்சாரத்திற்கு ஒப்பானது. அதில் ஏறத்தாழ பாதி, பாசி பயன்படுத்தக்கூடிய ஒளி. இதற்கு மின்வாரியக் கட்டணம் இல்லை. பம்புசெட்டுக்குத் தரப்பட்டுள்ள இலவச இணைப்பிலிருந்து கம்பி இழுத்து விளக்கு எரிக்கலாமே என்று சிலர் கேட்கின்றனர். அது நீர் இறைப்பதற்கென்றே தரப்பட்ட இணைப்பு. அந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டும்.

சிவப்பு, நீல விளக்குகள்

பாசியின் பச்சையம் நீல ஒளியையும் சிவப்பு ஒளியையும் மிகுதியாக ஈர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் சுருள்பாசியில் பச்சையத்துடன் பைகோசயனின் என்னும் நீல நிறப் பொருளும் உண்டு. அது செம்மஞ்சள் கலந்த சிவப்பு ஒளியை ஈர்க்கிறது. மஞ்சள் சாயலுடன் எரியும் சாதாரண வெள்ளை எல்.இ.டி. விளக்கில் இவ்வொளி போதிய அளவு இருக்கிறது. வண்ண விளக்குக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் பயனில்லை.

இவ்விளக்குகள் புகழ் பெற்றது வேறொரு தொழிலில். கடல் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்ப்போர், பெரிய தொட்டிக்குக் கீழோ பின்புறமோ சிறு தொட்டி ஒன்று வைத்து, அதில் கடற்பாசியை விளக்கொளியில் வளர்ப்பர். மீன் கழிவிலிருந்து நீரில் சேரும் நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் அப்பாசி எடுத்துக் கொள்ளும். வளர்ந்த பாசியை அவ்வப்போது அள்ளி எறிந்தால் அவையும் தொட்டியை விட்டு வெளியேறும். மீன் தொட்டியின் விளக்கு அணைந்திருக்கும் இரவில் பாசித் தொட்டியின் விளக்கை எரிப்பதும் உண்டு. நீரின் காரத்தன்மை இரவில் இறங்காமல் இருக்க அது உதவும். அங்கே பாசி விளைபொருள் அன்று, துப்புரவுப் பணியாள். விலையுயர்ந்த மீனைக் காப்பதற்காகச் செய்யும் அச்செலவு அவர்களுக்குக் கட்டும். பாசியையே விற்றுப் பணம் பார்க்க வேண்டிய உழவருக்குக் கட்டாது. (அந்த மீன் வளர்ப்பாளர்களிலும் சிக்கனமானவர்கள் சாதாரண வெள்ளை விளக்கைக் கொண்டே சமாளித்துக் கொள்கின்றனர்.)

வெயிலைக் கையாளும் முறை

வெயில் இலவசம் என்பதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. நீர்த்த நிலையில் உள்ள பாசி முழு வெயிலில் வெளிறி, மஞ்சளித்து, திரள் திரளாக ஒதுங்கிவிடும். எனவே புதிதாகப் பாசி விட்ட தொட்டிக்கு முதல் ஒரு வாரமேனும் 50 சதம் அல்லது 75 சதம் நிழல்வலை கட்டுதல் அவசியம். பாசி அடர்ந்தபின் காலையிலும் மாலையிலும் வலையை விலக்கிவிடலாம். சித்திரை, வைகாசியில் நண்பகலில் வலை இருக்கட்டும். தொட்டி நீரின் வெப்பம் 30 முதல் 35 டிகிரி வரை இருப்பது உத்தமம். 38 டிகிரிக்கு மேல் போனால் பாசி தளரும்.

பலரும் கவனிக்காத ஒன்று மார்கழி, தை மாதக் காலை வெயில். இரவுக் குளிரில் நீர் ஆறிக் கிடக்கும்போது திடீரென்று விழும் கூரிய வெயில் பாசிக்குக் கேடு செய்யும். குளிர்ந்த பாசியால் அவ்வளவு ஒளியைச் செரிக்க இயலாது. நீர் வெதுவெதுப்பாகும் வரை வலையை விலக்க வேண்டாம்.

தொட்டியில் நீரின் ஆழம் 15 முதல் 20 சென்டிமீட்டர் போதும். அடர்ந்த பாசியில் ஒளி மேலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குமேல் இறங்காது. அதற்குக் கீழே நடுப்பகலிலும் இருட்டுதான். ஆகவே மென்மையான துடைப்பத்தாலோ மரத் துடுப்பாலோ பகலில் ஒரு மணி நேரத்திற்கு ஒருமுறை மெல்லக் கலக்கிவிட வேண்டும். கீழிருக்கும் பாசி மேலே வந்து வெயில் வாங்கும். மேலே காய்ந்தது கீழே சென்று இளைப்பாறும். விளக்கு வாங்கும் பணத்தில் நூறில் ஒரு பங்கு இதற்குச் செலவாகாது. வீட்டுப் பெரியவர்களும் செய்யக்கூடிய வேலை.

பாசியின் அடர்த்தியை அறிய கருவி ஏதும் வாங்க வேண்டியதில்லை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை பிளாஸ்டிக் வில்லை ஒன்றை, சென்டிமீட்டர் குறியிட்ட குச்சியின் நுனியில் பொருத்தி நீரில் இறக்குங்கள். வில்லை கண்ணுக்கு மறையும் ஆழம் 2 சென்டிமீட்டர் அளவில் இருந்தால் அறுவடை செய்யலாம். 4 அல்லது 5 சென்டிமீட்டருக்குக் கீழும் வில்லை தெரிந்தால் பாசி நீர்த்துள்ளது. அறுவடையை நிறுத்தி நிழலைக் கூட்டுங்கள்.

தொட்டிக்கு இடம் தேர்வதில் தென்னை மரத்தைக் கவனிக்க வேண்டும். நம் பகுதியில் மார்கழி மாதத்தில் நண்பகலிலும் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால், 10 மீட்டர் உயர மரம் வடக்கே ஏறத்தாழ 7 மீட்டர் நீளத்திற்கு நிழல் போடும். சித்திரையில் இடம் பார்த்துத் தொட்டி கட்டிவிட்டு, பனிக்காலத்தில் நிழலைக் கண்டு வருந்த வேண்டாம்.

விளக்கு எங்கே தேவை?

தாய்ப்பாசியைக் காப்பதற்கு விளக்கு தேவை. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெளித்தொட்டி நீர்த்துப் போகலாம். வேறு நுண்ணுயிர் புகுந்து ஒரே வாரத்தில் பாசி முழுவதும் அழியவும் கூடும். வீட்டுக்குள் தாய்ப்பாசி இருந்தால் மறுபடியும் விலை கொடுத்து வாங்காமல் தொடங்கலாம்.

இதற்கு வெள்ளையடித்த சுவர் ஓரமாக ஒரு பலகை, அதன் மேல் 5 லிட்டர் அளவுள்ள கண்ணாடி அல்லது தெளிந்த பிளாஸ்டிக் புட்டிகள் நான்கு போதும். 20 லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றைவிட இது மேல். புட்டி ஒடுக்கமாக இருந்தால் ஒளி நடுப்பகுதி வரை எட்டும். புட்டிகளுக்கு முன்னால் அரை அடி தூரத்தில் 4 அடி நீள 20 வாட் எல்.இ.டி. குழல் விளக்கு ஒன்றைப் படுக்கையாகப் பொருத்துங்கள். அத்தூரத்தில் 4,000 முதல் 5,000 லக்ஸ் வரை கிடைக்கும். தாய்ப்பாசிக்கு இது தாராளம். தூரத்தை இருமடங்காக்கினால் குழல் விளக்கின் ஒளி ஏறத்தாழ பாதியாகும். குண்டு பல்பாக இருந்தால் கால் பங்காகிவிடும். பழைய இழைப் பல்பு வேண்டவே வேண்டாம். அது எரிக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே போகிறது.

நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரித்து, இரவில் அணைத்துவிடலாம். மாதத்திற்கு 7 யூனிட் அளவில் செலவாகும். மீன் தொட்டிக்குப் போடும் சிறு காற்றுப் பம்பு ஒன்று பாசியைக் கலக்கிக் கொண்டிருக்கும். உப்பு நீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால் நில இணைப்பும், கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும் சுவிட்சும் கட்டாயம் இருக்க வேண்டும். ஈரக் கையுடன் விளக்கைத் தொடக்கூடாது. குழந்தைகள் நடமாடும் இடத்தில் வைக்கவும் கூடாது.

தாய்ப்பாசியைப் பெருக்கும்போது ஒரு பங்கு பாசிக்கு நான்கு அல்லது ஐந்து பங்கு புது நீர் என்ற அளவில் படிப்படியாகப் பெருக்குங்கள். ஒரே தாவலாகப் பெரிய தொட்டியில் ஊற்றினால், முன்சொன்னபடி வெயிலில் வெளிறிப்போகும்.

உவர் நீர் மட்டும் போதாது

"எங்கள் கிணறு உப்பு, அதுவே பாசிக்குப் போதுமல்லவா?" என்போர் உண்டு. போதாது. பிரான்சில் ஜாரூக் என்பவர் 1966-இல் வகுத்த வளர்ப்பு நீரில் லிட்டருக்கு 16.8 கிராம் சோடியம் பைகார்பனேட், அதாவது சமையல் சோடா, சேர்கிறது. பிற உப்புகளுடன் மொத்தம் 22 கிராம் அளவு வரும். கடல் நீரில் உள்ளது சுமார் 35 கிராம். நமது உவர்க் கிணறுகளில் மிகுந்திருப்பது பெரும்பாலும் குளோரைடும் சல்பேட்டும். பாசி கேட்பதோ பைகார்பனேட். தவிர, சுண்ணாம்புச் சத்து மிகுந்த கடின நீரில் சோடாவைப் போட்டால் சுண்ணாம்பு வெள்ளையாகப் படிவதோடு, இடும் பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு அடியில் தங்கிவிடும்.

நொய்யல் கரை உழவர்களுக்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை ஒன்று உண்டு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாகச் சென்று காவிரியில் கலக்கும் இந்த ஆற்றில், சாய, சலவை ஆலைகளின் கழிவு நீர் பல ஆண்டுகள் விடப்பட்டது. பாசனத்திற்கென 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை அக்கழிவு நீர் தேங்கும் இடமாக மாறியதும், உழவர்கள் வழக்காடியதும், கழிவு நீரை வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை சாய ஆலைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டதும் தாங்கள் அறிந்ததே. நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு எளிதில் போகாது. சுருள்பாசி, நீரில் உள்ள உலோகங்களைத் தன்னுள் ஈர்த்துச் சேர்க்கும் இயல்புடையது. அப்படிப்பட்ட பாசியை மாட்டுக்கும் தரலாகாது, மனிதருக்கும் தரலாகாது. மண், நீர் ஆய்வுக்கூடத்தில் வழக்கமாகப் பார்க்கும் உப்பு அளவும் கார அமில நிலையும் இதைக் காட்டா. காரீயம், காட்மியம், குரோமியம், ஆர்செனிக் ஆகியவற்றைத் தனியே ஆய்வு செய்து தரும்படி கேட்டுப் பெற வேண்டும். சந்தேகம் இருப்பின் கிணற்று நீரை விட்டுவிட்டு மழை நீரைப் பிடியுங்கள். 30 சதுர மீட்டர் கூரையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3,000 லிட்டர் வரை சேரும். 10 சதுர மீட்டர் தொட்டியை 20 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நிரப்ப 2,000 லிட்டர் போதும்.

எவ்வளவில் தொடங்குவது?

மேற்சொன்ன 10 சதுர மீட்டர் தொட்டி ஒன்றே முதலாண்டுக்குப் போதும். நல்ல பராமரிப்பில் சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 5 முதல் 8 கிராம் வரை உலர்பாசி எதிர்பார்க்கலாம். "நாங்களே திரும்ப வாங்கிக் கொள்கிறோம், விளக்கும் தொட்டியும் எங்களிடமே வாங்குங்கள்" என்று யாரேனும் வந்தால், 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்த்தவர்கள் பட்ட பாட்டை நினைவில் கொண்டு, ஒப்பந்தத்தைப் படித்தவரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள். மனிதர் உண்ணுவதற்கென விற்பதாயின் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ பெற வேண்டும்.

அறுவடை வடிகட்டிக்குத் திருப்பூரில் அலைய வேண்டியதில்லை. பனியன் துணியில் படம் அச்சிடும் பட்டறைகளுக்கு விற்கும் பாலியஸ்டர் வலைத்துணியில், சென்டிமீட்டருக்கு 120 இழை உள்ளதைக் கேட்டு வாங்கினால் சுருள்பாசி அதில் நன்கு தங்கும். புதுத் துணியாகவே வாங்குங்கள். பட்டறையில் மையிட்டுக் கழித்த துணி மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.