கூரை ஓரத்துத் தண்ணீர்

இமாச்சலப் பிரதேசத்தின் தலைநகர் சிம்லா. சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ள மலை ஊர். மழைக்காலத்தில் அங்கே மழை கொட்டும். குளிர்காலத்தில் வெண்பனி விழும். பஞ்சு போல விழுந்து கூரை மேல் குவியும்.

அதனால் அங்கே பல வீடுகளுக்குச் சரிவான தகரக் கூரை உண்டு. கூரையின் விளிம்பில் நீளமாக ஒரு தகரத்தை வளைத்துப் பொருத்துவார்கள். இது கூரை வாய்க்கால். வாய்க்காலில் சேரும் தண்ணீர் ஒரு குழாய் வழியே தரைக்கு இறங்கும். இது மழைநீர்க் குழாய்.

மலைச்சரிவில் ஒரு வீடு. அப்பா, அம்மா, மகள், பாட்டி என நான்கு பேர். அது நவம்பர் மாதம். அம்மா சுவர் மூலையைக் காட்டினாள்.

"இங்கே பாருங்கள். போன குளிர்காலத்தில் இந்த மூலை முழுதும் ஈரம். அத்தையின் போர்வைகூட நனைந்தது. இந்த வருடமும் சும்மா இருக்கலாமா?"

"கூரைத் தகரம் ஓட்டையாகி இருக்கும். புதுத் தகரம் போடப் பணத்துக்கு எங்கே போவது?" என்றார் அப்பா.

"ஓட்டை இருக்கிறதா என்று ஏறிப் பார்த்தாயா?" என்று பாட்டி கேட்டாள்.

அப்பா பார்க்கவில்லை. ஏணியை எடுத்து வந்தார். அம்மாவும் மகளும் ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். மேலே ஏறியவர் சிரித்தார்.

"ஓட்டையே இல்லை. வாய்க்கால் முழுதும் தேவதாரு இலை. மண் சேர்ந்து புல்லும் முளைத்திருக்கிறது!"

ஓட்டை இல்லை. பிறகு வீட்டுக்குள் தண்ணீர் எப்படி வந்தது?

வீட்டுக்குள் அடுப்பு எரிகிறது. அந்தச் சூட்டில் கூரை மேல் உள்ள பனி உருகுகிறது. உருகிய தண்ணீர் விளிம்புக்கு ஓடி வருகிறது. அங்கே சூடு இல்லை. வாய்க்காலும் அடைத்திருக்கிறது. தேங்கிய தண்ணீர் மறுபடி உறைந்து வரப்பு போல நிற்கிறது. பின்னால் வரும் தண்ணீருக்கு வழி இல்லை. அது தகரத்தின் இடுக்கில் நுழைந்து வீட்டுக்குள் இறங்குகிறது.

இன்னொரு சேதமும் உண்டு. தண்ணீர் உறையும்போது பருத்துவிடும். 11 படி தண்ணீர் உறைந்தால் சுமார் 12 படி இடத்தை அடைக்கும். அதனால் வாய்க்காலின் இணைப்பு விடும். குழாயும் வெடிக்கும்.

அப்பா சிறிய கரண்டியால் குப்பையை அள்ளினார். வாளியில் போட்டுக் கீழே இறக்கினார். பிறகு வாய்க்காலின் ஒரு முனையில் தண்ணீர் ஊற்றினார். தண்ணீர் நடுவில் தேங்கியது. அங்கே ஒரு பிடிப்பு கழன்று தகரம் தொங்கியது. அதைத் தூக்கி முடுக்கினார். 10 அடி நீளத்துக்கு அரை அங்குலம் சரிவு இருந்தால் தண்ணீர் குழாய் பக்கம் ஓடும்.

"அப்பா, குழாய்த் தண்ணீர் சுவர் அடியிலேயே விழுகிறது!" என்றாள் மகள்.

அப்பா இறங்கிப் பார்த்தார். மண்ணில் ஒரு குழி. அதற்குக் கீழே வீட்டைத் தாங்கும் கல்சுவர். அதில் நீளமாக ஒரு விரிசல்! அப்பாவின் முகம் மாறியது.

ஒரு கணக்குப் பார்ப்போம். கூரையின் பரப்பு 60 சதுர மீட்டர். ஒரு நாளில் 50 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. கூரையில் விழும் தண்ணீர் 3,000 லிட்டர். 200 லிட்டர் பிடிக்கும் டிரம்மில் 15 டிரம்! அவ்வளவும் ஒரே இடத்தில் மண்ணுக்குள் இறங்கினால் என்ன ஆகும்? மண் இளகும். கனக்கும். சுவரைத் தள்ளும்.

மலையில் தண்ணீர் விளையாட்டுப் பொருள் அல்ல. 2023 ஆகஸ்டு 14 அன்று சிம்லாவின் சம்மர் ஹில் பகுதியில் பெருமழையில் மலைச்சரிவு சரிந்தது. ஒரு கோயில் புதைந்தது. 20 பேர் இறந்தார்கள். பெருமழையை நாம் தடுக்க முடியாது. நம் கூரைத் தண்ணீரை ஒழுங்காக வெளியேற்ற முடியும்.

அப்பா குழாயை நீட்டினார். தண்ணீர் வீட்டை விட்டு விலகி, சிமெண்டு வாய்க்காலில் போய் விழுந்தது. மறுநாளே மேஸ்திரியை அழைத்து விரிசலைக் காட்டினார்.

"புதுக் கூரை வேண்டும் என்றாயே! ஒரு கரண்டியும் ஒரு துண்டுக் குழாயும் போதுமாக இருந்ததே!" என்றாள் பாட்டி.

அம்மா நாட்காட்டியை எடுத்தாள். முதியோர் கல்வி வகுப்பில் எழுதப் படித்தவள் அவள். ஜூன் மாதத்திலும் நவம்பர் மாதத்திலும் தன் கையால் எழுதினாள்: "வாய்க்கால் பார்க்க வேண்டும்."

நினைவில் வைப்போம்

1. ஆண்டுக்கு இருமுறை வாய்க்காலைச் சுத்தம் செய்ய வேண்டும். மழைக்கு முன் ஒருமுறை. இலை உதிர்ந்த பின், பனிக்கு முன் ஒருமுறை.
2. துரு, ஓட்டை, விட்ட இணைப்பு, கழன்ற பிடிப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.
3. தண்ணீர் ஊற்றிச் சோதிக்க வேண்டும். குழாயில் தண்ணீர் தடையின்றி இறங்க வேண்டும்.
4. குழாய்த் தண்ணீர் சுவர் அடியில் விழக் கூடாது.
5. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். மின்கம்பி அருகே ஏணி வைக்கக் கூடாது. தகர விளிம்பு கையை அறுக்கும். கையுறை போட வேண்டும்.
6. பனி மூடிய கூரையில் ஏறக் கூடாது. பனிக்கட்டி தொங்கும் விளிம்பின் கீழே நிற்கக் கூடாது.

பதில் சொல்லுங்கள்

1. ஓட்டை இல்லாத கூரையிலிருந்து தண்ணீர் எப்படி உள்ளே வந்தது?
2. மகள் எதைக் கண்டுபிடித்தாள்? அதனால் என்ன ஆபத்து நீங்கியது?
3. கூரைப் பரப்பு 40 சதுர மீட்டர். மழை 50 மில்லிமீட்டர். தண்ணீர் எத்தனை லிட்டர்?
4. உங்கள் வீட்டுக் கூரைத் தண்ணீர் எங்கே போய் விழுகிறது? இன்றே போய்ப் பாருங்கள்.