கருவாடும் ஷெர்ரியும்

திருப்பாலைவனத்தில் பாலைவனம் கிடையாது. பாலை மரங்கள் நிறைந்த வனமாக இருந்ததால் வந்த பெயர் அது. கிழக்கே கொஞ்சம் போனால் பழவேற்காடு ஏரி. சொல்லைத் தனியாகப் பிடித்தால் ஏமாறுவோம் என்பதற்கு ஊர்ப்பெயரே சாட்சி சொல்லும் அந்த இடத்தில்தான் ஓர் இங்கிலீஷ் வாத்தியாருக்கு அந்தப் பாடம் உறைத்தது. (வாத்தியார் வேறு யாருமல்ல, இதை எழுதுகிறவர்தான். சொந்த அசட்டுத்தனத்தைத் தள்ளி நின்று சொன்னால் கூச்சம் குறைகிறது.)

ஏரிக்கரைக் குப்பத்துப் பையன் ஒருவன் சொகுசுக் கப்பலில் உணவு பரிமாறும் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்தான். வாத்தியார் எழுதிக் கொடுத்த சொற்களில் ‘ட்ரை ஷெர்ரி’யும் இருந்தது.

“ட்ரை ஃபிஷ்னா கருவாடு. அப்போ இது காஞ்ச சரக்கா சார்? எப்படிக் குடிப்பாங்க?”

வாத்தியார் விழித்தார். ஷெர்ரியை அவர் ஆங்கில நாவல்களில் மட்டுமே சந்தித்தவர்.

அன்று இரவு தேடிப் படித்தார். தெற்கு ஸ்பெயினில் ஹெரெஸ் நகரைச் சுற்றி விளையும் வெள்ளைத் திராட்சையில் செய்கிற ஒயின். திராட்சைச் சாராயம் கலந்து வலுவேற்றுவார்கள். ஊர்ப்பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஷெர்ரி ஆனது. இங்கே ட்ரை என்றால் இனிப்பில்லாதது. ‘ஃபினோ’ அந்த வகை: சுமார் 15 சதவீதம் ஆல்கஹால், குளிரவைத்துச் சின்னக் கோப்பையில் தருவார்கள். ‘க்ரீம் ஷெர்ரி’யில் பாலேடு ஒரு சொட்டும் இல்லை, இனிப்பு கூட்டியது என்பதே பொருள். அந்தப் பக்கத்தில் ஆறு கடலில் கலக்கும் சான்லூக்கர் என்ற ஊரில் ஷெர்ரிக்குத் தொட்டுக்கொள்ள இறால் என்று படித்ததும், பழவேற்காட்டு இறால் நினைவில் வாத்தியாருக்குப் பசியே எடுத்துவிட்டது.

மறுநாள் பெருமையோடு விளக்கினார். பையன் விடவில்லை: “அப்போ காந்தி ஜெயந்திக்கு ட்ரை டேன்னு சொல்றாங்களே, அது இனிப்பில்லாத நாளா?”

அன்றோடு ஒரு சொல், ஒரு பொருள் என்ற பழைய நோட்டு மூடப்பட்டது. சொல்லை அதன் கூட்டாளியோடு சேர்த்தே எழுதுவது என்று முடிவாயிற்று. பிரிட்டிஷ் மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1950களில் வலியுறுத்தியதும் இதைத்தான். ஆனால் குப்பத்துப் பிள்ளைகளுக்கு அவர் தேவைப்படவில்லை. வலையை வீசுவோம், இழுப்போம், பின்னுவோம். வெயிலும் காற்றும் அடிக்கும், மழை பெய்யும். தண்ணீரைக் குடிப்போம், ‘தண்ணி’யை அடிப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்துப் படித்ததில்லை.

ஆங்கிலத்தில் ஷெர்ரியை அடிக்க முடியாது. விருந்தாளியிடம் ‘வுட் யூ லைக் எ ஷெர்ரி?’ என்று கேட்கலாம். கோப்பையில் ஊற்றுவது ‘போர்’, மெல்ல உறிஞ்சுவது ‘சிப்’, ஒரே மூச்சில் கவிழ்ப்பது ‘நாக் பேக்’. எச்சரிக்கை வேண்டிய இடம் ஒன்று: ‘டூ யூ ட்ரிங்க்?’ என்று மொட்டையாகக் கேட்டால் குடிப்பழக்கம் உண்டா என்று ஆகிவிடும். தமிழில் “அவர் குடிப்பார்” என்றால் மோரையா நினைக்கிறோம்?

ஒரு ஞாயிறு பாடம் பழவேற்காட்டு டச்சுக் கல்லறைத் தோட்டத்தில் நடந்தது. 1613இல் கெல்டிரியா கோட்டை கட்டி ஆண்டவர்கள் அங்கே கிடக்கிறார்கள். கடல் வணிகத்தில் அவர்களோடு மல்லுக்கு நின்ற ஆங்கிலேயர், ‘டச்சு’ என்ற சொல்லைச் சேர்த்துக் கேலித் தொடர்கள் பல உண்டாக்கினார்கள். குடித்துவிட்டு வருகிற வீரம் ‘டச்சு கரேஜ்’.

“அது நம்ம டாஸ்மாக் வாசல்ல தெனமும் கெடைக்குது சார்” என்றான் பையன்.

நேர்காணலில் ஷெர்ரிப் பேச்சே வரவில்லை. உங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஏதாவது ஒன்றைப் பற்றிச் சொல் என்றார்களாம். ட்ரை ஃபிஷ் என்று தொடங்கி, உப்புப் போடுவது முதல் மணலில் திருப்பிப் போட்டுக் காயவைப்பது வரை பத்து நிமிடம் நிறுத்தாமல் பேசியிருக்கிறான்.