இசைத்தட்டு ஆலையைத் தேர்ந்தெடுத்தல்

கேள்வி: சுயாதீன இசைக்குழு ஒன்று தன் பாடல்களை வினைல் இசைத்தட்டாக வெளியிட எந்த ஆலையை நாடலாம்?
– வாசகர், திமிரி

பதில்: 1908-இல் கல்கத்தாவின் சியால்தாவில் கிராமபோன் கம்பெனி தொடங்கிய ஆலை பின்னர் டம்டமுக்கு இடம் மாறி, பல தலைமுறைகளுக்குத் தமிழ்ப் பாடல்களையும் அச்சிட்டுத் தந்தது. ஒலிநாடாவும் குறுந்தகடும் பரவியபின் நாட்டில் அத்தொழில் ஓய்ந்து, 2024-இல் மும்பையில் சமன்வி டிஜிமீடியா ஆலையால் மீண்டும் உயிர்பெற்றது. ஆதலால் வெளிநாட்டு ஆலைதான் வழி என்ற நிலை இன்று இல்லை.

விலையைக் கேட்கும் முன், மென்பூச்சுத் தட்டில் ஒலிப்பள்ளம் வெட்டும் பணியையும், அதன்மேல் நிக்கல் படியவைத்து ‘ஸ்டாம்பர்’ எனப்படும் அச்சுத்தகட்டை உருவாக்கும் பணியையும் ஆலை தானே செய்கிறதா, வெளியே கொடுத்து வாங்குகிறதா என்று அறிவது முதன்மையானது. ஏனெனில் இரைச்சல் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. 12 அங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் 20 நிமிடத்துக்கு மேல் பாடல்களை நெருக்கினால் ஒலியின் வலு குறையும் என்பதை முன்கூட்டியே சொல்லும் ஆலை நம்பத்தக்கது. தட்டின் எடை குறித்த விளம்பரத்துக்கு அவ்வளவு மதிப்பளிக்க வேண்டியதில்லை.

முழு அச்சுக்கு முன் வரும் மாதிரித் தட்டுகளை நடுத்துளை விலகல், வளைவு, பொரியல் ஒலி ஆகியவற்றுக்காக முழுமையாகக் கேட்டறியாமல் ஒப்புதல் கையெழுத்திடலாகாது. வேலூர் வட்டாரத்துக் கோடை வெயிலில் வினைல் வளைந்துவிடும் என்பதால், சரக்கைச் சித்திரை, வைகாசியில் வரவழைக்காதிருப்பது நல்லது.