வலிய கப்பித்தான்

திருவனந்தபுரத்தில் வலியசாலை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே மலையாளமும் கேட்கும், தமிழும் கேட்கும். 'வலிய' என்றால் 'பெரிய' என்று பொருள்.

திருவிதாங்கூர் மக்கள் ஒரு மனிதரையும் இந்தச் சொல்லால் அழைத்தார்கள். அவரை 'வலிய கப்பித்தான்' என்றார்கள். கப்பித்தான் என்றால் படைத்தலைவர். ஆனால் அவர் இந்த நாட்டுக்காரர் அல்லர். எதிரியின் கப்பலில் வந்தவர். அவர் பெயர் டிலனாய்.

மிளகுச் சண்டை

அப்போது திருவிதாங்கூரை மார்த்தாண்ட வர்மா ஆண்டார். நாட்டில் மிளகு நிறைய விளைந்தது.

டச்சுக்காரர்கள் ஐரோப்பாவிலிருந்து வந்த வியாபாரிகள். அவர்களுடைய கம்பெனியிடம் கப்பலும் இருந்தது, படையும் இருந்தது. மிளகைத் தங்களுக்கே விற்க வேண்டும் என்றார்கள். அதையும் குறைந்த விலைக்குக் கேட்டார்கள். மன்னர் ஒப்பவில்லை.

சண்டை மூண்டது. இலங்கையிலிருந்து டச்சுக் கப்பல்கள் வந்தன. குளச்சல் கடற்கரையில் படை இறங்கியது. மன்னரின் படை அவர்களை வளைத்துக்கொண்டது. டச்சுக்காரர்களின் வெடிமருந்து தீப்பிடித்தது. அவர்கள் வைத்திருந்த அரிசியும் எரிந்தது. 1741 ஆகஸ்டில் அவர்கள் சரணடைந்தார்கள். பலர் கைதானார்கள். அவர்களில் டிலனாயும் ஒருவர். அவருக்கு அப்போது வயது 25.

கைதி ஆசிரியர் ஆனார்

மன்னர் அவரைக் கொன்றிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. டிலனாய்க்குத் துப்பாக்கிப் பயிற்சி தெரியும். கோட்டை கட்டத் தெரியும். அந்த அறிவு நாட்டுக்குத் தேவை என்று மன்னர் கண்டார். தம் வீரர்களுக்குக் கற்றுத்தரும் வேலையைக் கொடுத்தார்.

டிலனாய் வீரர்களை அணி அணியாகப் பழக்கினார். உதயகிரிக் கோட்டையைக் கருங்கல்லால் பலப்படுத்தினார். அங்கே பீரங்கி வார்க்கும் பட்டறை நடந்தது. வடக்கு எல்லையில் நெடுங்கோட்டை என்ற நீண்ட அரண் எழுந்தது. படிப்படியாக உயர்ந்து அவர் படைத்தலைவர் ஆனார்.

இந்தப் படையால் திருவிதாங்கூர் வளர்ந்தது. காயங்குளம், அம்பலப்புழை போன்ற அயல் நாடுகளோ தங்கள் ஆட்சியை இழந்தன. 1753இல் டச்சுக்காரர்கள் மாவேலிக்கரையில் மன்னருடன் உடன்படிக்கை செய்தார்கள். மிரட்டி வாங்க வந்தவர்கள் பேசி வாங்க வேண்டியதாயிற்று.

இரண்டு மொழிக் கல்லறை

டிலனாய் தம் ஊருக்குத் திரும்பவில்லை. மார்த்தாண்ட வர்மா 1758இல் இறந்தார். அடுத்த மன்னரிடமும் டிலனாய் பணி செய்தார். 1777இல் காலமானார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. அதில் லத்தீன் எழுத்தும் உண்டு, தமிழ் எழுத்தும் உண்டு.

அன்று வலியசாலையும் உதயகிரியும் ஒரே நாட்டில் இருந்தன. 1956இல் மாநிலங்கள் பிரிந்தன. வலியசாலை கேரளத்தில் நின்றது. உதயகிரி தமிழ்நாட்டில் சேர்ந்தது. தக்கலைக்கு அருகே இருக்கும் அந்தக் கோட்டையை இன்றும் போய்ப் பார்க்கலாம்.

எதிரியை வெல்வது ஒரு வெற்றி. எதிரியிடமிருந்து கற்றுக்கொள்வது இன்னொரு வெற்றி. கற்ற தொழிலை யாராலும் பறிக்க முடியாது. அது கைதியாகிப் போன டிலனாயையும் உயர்த்தியது, அவரிடம் கற்ற வீரர்களையும் உயர்த்தியது.

பேசிப் பார்ப்போம்

1. டச்சுக்காரர்கள் ஏன் சண்டைக்கு வந்தார்கள்?
2. மன்னர் டிலனாயைக் கொல்லாமல் விட்டது ஏன்?
3. விளைந்த பொருளுக்கு யார் விலை சொல்ல வேண்டும்? உங்கள் ஊரில் யார் சொல்கிறார்கள்?
4. 'வலிய' என்று தொடங்கும் வேறு பெயர்கள் தெரியுமா? எழுதுங்கள்.