தூரமும் ஒரு நோய்தான்!

நாகரசம்பட்டியில் ராத்திரி ஒரு மணிக்குக் கைக்குழந்தைக்கு மூச்சு வாங்கினால் என்ன செய்வீர்கள்? ஆட்டோவுக்குச் சொல்வீர்கள். இல்லையென்றால் 108-க்கு போன் போடுவீர்கள். எப்படியும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற தைரியம் உங்களுக்கு இருக்கிறது. அந்த தைரியம் இல்லாத ஊர்கள் நமக்கு ரொம்பப் பக்கத்திலேயே இருந்தன, தெரியுமா?

பழைய தர்மபுரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். (கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-ல்தானே!) அரூரைத் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளத்துக்காரர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்கள் நம் தமிழ் பேசும் மலைமக்கள்.

1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும் அங்கே போனபோது, பிறந்த 1000 குழந்தைகளில் 147 பேர் ஒரு வயதுக்குள் இறந்துகொண்டிருந்தார்கள். ஆபரேஷன் வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் போகணும். வயிற்றுப்போக்கும் சளிக்காய்ச்சலும் தீராத வியாதியா என்ன? நேரத்துக்கு வைத்தியம் கிடைக்காததுதான் எமன்!

என்ன செய்தார்கள்?

ஒரு குடிசைதான் முதல் ஆஸ்பத்திரி. 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேடிவ்' என்று அதற்குப் பெயர். இரண்டு டாக்டர்கள் எத்தனை ஊருக்கு ஓட முடியும்? அதனால் உள்ளூர்ப் பெண்களுக்கே நர்ஸ் வேலை சொல்லிக்கொடுத்தார்கள். ஒவ்வொரு ஊரும் தேர்ந்தெடுத்து அனுப்பிய பெண்களுக்குக் கர்ப்பிணியையும் பச்சைக்குழந்தையையும் கவனிக்கும் பயிற்சி கொடுத்தார்கள். அதிகம் படிக்காதவர்கள்தான். ஆனால் ஆபத்தை அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டார்கள். பிற்பாடு 147 என்ற கணக்கு சுமார் 20 ஆகக் குறைந்தது.

உலகத்தின் மறுகோடியிலும் இதே கதைதான். கனடாவின் வட ஒண்டாரியோவில் ஓஜிப்வே பழங்குடியினரின் குக்கிராமங்கள் பலவற்றுக்கு வருஷம் முழுக்க ரோடு கிடையாது. குளிர்காலத்தில் உறைந்த ஏரிமேல் பாதை, மற்ற நாளில் குட்டி விமானம். டாக்டர் எப்போதாவதுதான் பறந்து வருவார். அன்றாட வைத்தியத்தைத் தாங்குவது அங்கேயே தங்கியிருக்கும் நர்சுகள்தான்.

நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டமும் இதே வழியில்தான் வந்தது. பி.பி., சர்க்கரை மாத்திரையோடு பயிற்சி பெற்ற பெண்களே வீட்டு வாசலுக்கு வந்தார்கள்.

நீங்கள் கற்றுக்கொள்ள வேண்டியவை

மகளைப் பிரசவத்துக்கு அழைத்துவந்திருக்கிறீர்களா? பேரன் பேத்தி வீட்டில் இருக்கிறார்களா? இந்த நாலு பாடத்தை மனதில் வையுங்கள்.

1. மூச்சை எண்ணுங்கள். குழந்தை அழாமல் இருக்கும்போது கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணணும். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த அளவோ அதற்கு மேலோ இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். உடனே டாக்டரிடம் போங்கள். நெஞ்சுக்குழி உள்ளே இழுத்தால் ஆஸ்பத்திரிதான்.

2. பிறந்த குழந்தையைக் கதகதப்பாக வையுங்கள். தாயின் மார்போடு சேர்த்து அணைத்தாலே போதும். முதல் 24 மணி நேரம் குளிப்பாட்ட வேண்டாம். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தொப்புள்கொடியில் சாம்பல், எண்ணெய் எதுவும் தடவாதீர்கள்.

3. வயிற்றுப்போக்கா? ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவு சுத்தமான தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது. தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது.

4. குழந்தை பால் குடிக்க மறுத்தால், உடம்பு சில்லிட்டால், வலிப்பு வந்தால், துவண்டு கிடந்தால் 'விடியட்டும் பார்க்கலாம்' என்று இருக்காதீர்கள்.

உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரின் பெயரையும் போன் நம்பரையும் இன்றைக்கே காலண்டரில் எழுதி வையுங்கள். அப்படியே, வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவுக்கும் மூச்சை எண்ணச் சொல்லிக்கொடுங்கள். பஸ் போகாத ஊரிலிருந்து அவர் வருபவராக இருந்தால், இந்தப் பாடம் உங்களைவிட அவருக்குத்தான் முதலில் தேவைப்படும்.