ரைட்-இன்னை நம்பாதீர்கள், பெட்டிஷனை நிரப்புங்கள்

2025 நவம்பர் 4ஆம் தேதி எங்கள் வாக்குச்சாவடிக்கு ஜட்ஜ் ஆஃப் எலக்‌ஷன்ஸாக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். நான்கு வருஷத்துக்கு முன்பே எனக்கு வந்திருக்க வேண்டிய பதவி இது. அப்போது ஏன் வரவில்லை என்பதைத்தான் இங்கே விரிவாகச் சொல்லப் போகிறேன். பென்சில்வேனியாவில் நம்முடையவை போன்ற பெயர்களை வைத்துக்கொண்டு தேர்தலில் நிற்கும் எவருக்கும் அதே கதி நேரலாம்.

பதவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜட்ஜ் என்று பெயர் இருந்தாலும் நீதிமன்றத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பென்சில்வேனியாவில் 67 கவுண்டிகள், 9,000க்கும் அதிகமான வாக்குச்சாவடிப் பகுதிகள். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஜட்ஜ், இரண்டு இன்ஸ்பெக்டர்கள் என்று மூன்று பேரை மக்களே ஓட்டுப் போட்டு நான்கு வருஷத்துக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் இடம் இரண்டு என்றாலும் ஒரு வாக்காளர் ஒருவருக்குத்தான் ஓட்டுப் போட முடியும். அதிக ஓட்டு வாங்கியவர் மெஜாரிட்டி இன்ஸ்பெக்டர், அடுத்து வந்தவர் மைனாரிட்டி இன்ஸ்பெக்டர். சாவடி மேஜை முழுக்க ஒரே கட்சியின் கைக்குப் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. தமிழ்நாட்டில் ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் தேர்தல் பணிக்கு அனுப்பிப் பார்த்துப் பழகிய நமக்கு இது விசித்திரமாகத் தெரியும். இங்கே தலைகீழ். மத்திய, மாநில, கவுண்டி அரசு வேலையில் இருப்பவர் அந்த மேஜையில் உட்காரவே கூடாது. உங்களைப் போல, என்னைப் போல தனியார் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்கள்தான் ஒரு நாள் விடுப்புப் போட்டு இதைச் செய்தாக வேண்டும்.

நான் இந்த வேலைக்கு வந்ததற்குக் காரணம் 2020 நவம்பர் தேர்தல். அன்று நான் அதே சாவடியில் கிளார்க், அதாவது மேஜையில் உதவி செய்பவர். முகக்கவசம் போட்டுக்கொண்டு ஜனங்கள் கட்டடத்தைச் சுற்றி வரிசையில் நின்றார்கள். மத்தியானம் போல ஒரு கோயமுத்தூர்ப் பாட்டி மருமகளோடு வந்தார். ஐம்பத்தைந்து வயதைத் தாண்டி, கிரீன் கார்டு வாங்கிப் பதினைந்து வருஷமும் ஆகியிருந்தால் குடியுரிமைத் தேர்வுக்குத் தாய்மொழியிலேயே பதில் சொல்லலாம். அப்படிக் குடியுரிமை வாங்கியவர் அவர். ஆங்கிலம் படிக்கத் தெரியாது. மருமகள் கூட உள்ளே போகப் பார்த்தார். அப்போதைய ஜட்ஜ் தடுத்து, "நானே உதவுகிறேன்" என்று பாட்டியின் ஓட்டுச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அது சட்டப்படி தவறு. படிக்க இயலாத வாக்காளர் தனக்குப் பிடித்த ஆளை உதவிக்கு அழைத்துப் போகலாம் என்று கூட்டாட்சி வாக்குரிமைச் சட்டத்தின் 208ஆம் பிரிவு சொல்கிறது. முதலாளியும் தொழிற்சங்கப் பிரதிநிதியும் மட்டும் கூடாது. பென்சில்வேனியா சட்டம் இன்னொருவரையும் அந்தப் பட்டியலில் சேர்க்கிறது. அவர் ஜட்ஜ் ஆஃப் எலக்‌ஷன்ஸேதான். சாவடியில் யாருக்கு அதிகாரம் அதிகமோ அவர் கை வாக்காளரின் சீட்டில் படக் கூடாது. எவ்வளவு யோசித்து எழுதிய விதி! நான் எழுந்து போய் கையேட்டைக் காட்டினேன். அந்த மனிதர் மூன்று தேர்தலாகத் தனக்கு இதெல்லாம் தெரியும் என்றார். கவுண்டிக்குப் போன் போட்ட பிறகுதான் விட்டார். பாட்டி வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நானே பார்த்துப் போட்டேன் கண்ணு" என்றார். அடுத்த முறை அந்த நாற்காலியில் நான்தான் உட்கார வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன்.

அடுத்த தேர்தல் 2021இல். இந்தப் பதவிக்கு ஒற்றைப்படை ஆண்டுகளில்தான் தேர்தல். மே மாதம் உட்கட்சித் தேர்தலான பிரைமரி, நவம்பரில் பொதுத்தேர்தல். பிரைமரி சீட்டில் பெயர் அச்சாக வேண்டுமென்றால் பெட்டிஷன் என்கிற வேட்பு மனுவில் பத்துக் கையெழுத்துப் போதும். பத்தே பத்து! பிப்ரவரி பாதியிலிருந்து மார்ச் இரண்டாம் வாரம் வரை மூன்று வாரம் அவகாசம். நான் படிவத்தை வாங்கியும் வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பகுதியின் கட்சிப் பிரதிநிதி வீட்டுக்கு வந்தார். "பெட்டிஷனெல்லாம் எதற்கு? வேறு யாரும் நிற்கவில்லை. நாலு பேரை உங்கள் பெயரை எழுதிப் போடச் சொன்னால் வேலை முடிந்தது" என்றார். சீட்டில் அச்சாகாத பெயரை வாக்காளர் கையால் எழுதுவதைத்தான் ரைட்-இன் என்கிறார்கள். அவர் சொன்னது பொய்யில்லை. இந்தப் பதவிகளில் ஏராளமானவை அப்படித்தான் நிரம்புகின்றன. ஆனால் பிரைமரியில் ரைட்-இன்னில் வேட்பாளராக வேண்டுமென்றால், பெட்டிஷனுக்கு எத்தனை கையெழுத்து வேண்டுமோ குறைந்தது அத்தனை ஓட்டு வாங்க வேண்டும். இந்தப் பதவிக்குப் பத்து. அதையும் எனக்கு அவர் சொல்லவில்லை, நானாகத்தான் தெரிந்துகொண்டேன். எப்படியும் பத்துக்கு மேல் வரும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது.

வந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் எல்லோரும் எழுதினார்கள். ஆனால் என் பெயரில் ழ இருக்கிறது. இங்கே வளர்ந்தவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ஒருவர் இசட் எச் போட்டார், ஒருவர் ஒற்றை எல், ஒருவர் இரட்டை எல். சிலர் கணவர் பெயரைக் குடும்பப் பெயராக்கி எழுதினார்கள். சிலர் என் அப்பாவின் இனிஷியலை முன்னால் போட்டார்கள், சிலர் பின்னால். அடுத்த வீட்டுக்காரர், பாவம், எங்கள் குழந்தைகள் வழியாக அவர் அறிந்த என் செல்லப் பெயரை எழுதியிருந்தார். கவுண்டி வெளியிட்ட ரைட்-இன் பட்டியலில் இவை ஒவ்வொன்றும் தனித்தனி ஆள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்தன. எல்லாவற்றையும் கூட்டியிருந்தால் பத்தைத் தாண்டியிருக்கும், வென்றவரையும் தாண்டியிருக்கும்.

வென்றவருக்கு ஐந்தெழுத்துப் பெயர். யார் எழுதினாலும் ஒரே மாதிரி வரும். அவர் அந்தக் கட்சிப் பிரதிநிதியின் மைத்துனர். வேறு யாரும் நிற்கவில்லை என்று என்னிடம் சொன்ன அதே வாரத்தில் தன் சொந்தக்காரர்களிடம் மைத்துனர் பெயரை எழுதச் சொல்லியிருக்கிறார். இது பிற்பாடு அவர்கள் வீட்டு ஆளே சொல்லித் தெரிந்தது. நான் இதை மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வெவ்வேறு விதமாக எழுதப்பட்ட பெயர்கள் எல்லாம் ஒரே ஆளையே குறிக்கின்றன, ஓட்டுகளைச் சேர்த்து எண்ணுங்கள் என்று மனுப் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. சில கவுண்டிகளில் நீதிமன்றத்தில், சில கவுண்டிகளில் தேர்தல் வாரியத்திடம். தானாக யாரும் சேர்த்து எண்ண மாட்டார்கள். நீங்கள் கேட்க வேண்டும், அதுவும் மிகக் குறுகிய கெடுவுக்குள். அந்தக் கெடு இருந்தது எனக்குத் தெரியவந்தபோது அது முடிந்து போயிருந்தது. கட்சியில் இருந்த யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே மாதிரி எழுதும் பெயர்களைக் கொண்டவர்களுக்கு இது ஒரு சிக்கல் என்றே தோன்றாது போலும். நமக்கு அது தேர்தலையே பறித்துவிடும்.

ஆகவே ஏதோ காரணத்தால் நீங்கள் ரைட்-இன்னில்தான் நிற்க நேர்ந்தால் இவற்றைச் செய்யுங்கள். வாக்காளர் பதிவில் உங்கள் பெயர் எப்படி இருக்கிறதோ அப்படியே ஒரு துண்டுச் சீட்டில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொருவரிடமும் கொடுங்கள். அவர்கள் அதை உள்ளே எடுத்துப்போய்ப் பார்த்து எழுதலாம். எங்கள் கவுண்டியில் காகிதச் சீட்டு என்பதால் பெயருக்குப் பக்கத்து வட்டத்தையும் நிரப்பச் சொல்ல வேண்டும். தேர்தல் முடிந்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கவுண்டி வாரியம் அதிகாரபூர்வக் கணக்கைத் தொடங்கும். அன்றைக்கு அங்கே போய் நில்லுங்கள். சேர்த்து எண்ணக் கோரும் மனு யாரிடம், என்றைக்குள் என்பதைத் தேர்தலுக்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இதெல்லாம் எதற்கு? பெட்டிஷனை நிரப்பிவிடுங்கள். பெயர் அச்சாகிவிட்டால் எழுத்துக்கூட்டும் கவலையே கிடையாது. 2025இல் நான் அதைத்தான் செய்தேன்.

பிப்ரவரி 18 முதல் மார்ச் 11 வரை அவகாசம். படிவம் எடுப்பது, அதில் நீங்கள் கையொப்பமிடுவது, கொண்டுபோய்க் கொடுப்பது எல்லாம் சாதாரண வேலைதான், கவுண்டி இணையதளத்திலேயே இருக்கிறது. மற்ற வேட்பாளர்கள் கொடுக்கும் நிதி நலன் அறிக்கையிலிருந்து இந்தப் பதவிக்கு விலக்கு உண்டு, அதைத் தேடி அலைய வேண்டாம். சிரமமெல்லாம் மற்றவர்களிடம் கையெழுத்து வாங்குவதில்தான். கையெழுத்துப் போடுபவர் உங்கள் சாவடிப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும். உங்கள் கட்சியில் பதிவு செய்தவராகவும் இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி வாசலில் நின்றால் அரை மணியில் முப்பது கையெழுத்துக் கிடைக்கும், ஆனால் ஒன்றும் தேறாது. பாதிப் பேர் இன்னும் கிரீன் கார்டில் இருப்பார்கள். குடியுரிமை வாங்கியவர்களும் எந்தக் கட்சியும் வேண்டாமென்று பதிவு செய்திருப்பார்கள். அவர்களால் இங்கே பிரைமரியில் வேட்பாளருக்கு ஓட்டுப் போடவும் முடியாது, பெட்டிஷனில் கையெழுத்திடவும் முடியாது. மிச்சமிருப்பவர்கள் அடுத்த டவுன்ஷிப்பில் இருப்பார்கள். எங்கள் தெருவிலேயே எதிர்ச்சாரி வேறு சாவடிப் பகுதி. கவுண்டியில் வாக்காளர் பட்டியலை வாங்கி, கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போவதுதான் ஒரே வழி.

பத்துக்குப் பத்து என்று வாங்காதீர்கள், இரண்டு மடங்குக்கு மேல் வாங்குங்கள். கணவருக்காக மனைவி கையெழுத்துப் போட்டுவிடுவார், பழக்க தோஷம். கூடாது, அவரவர் கையால் போட வேண்டும். ஒரே பதவிக்கு ஒருவர் ஒரு பெட்டிஷனில்தான் கையெழுத்திடலாம் என்பதால் முந்திக்கொள்வதும் நல்லது. கெடு முடிந்த ஏழு நாளுக்குள் நீதிமன்றத்தில் ஆட்சேபம் எழுப்பலாம். என் பெட்டிஷனையும் எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். யார் பார்த்தது என்று நான் கேட்கவில்லை, ஊகிக்கத் தெரியும். ஆட்சேபம் எதுவும் வரவில்லை. ஒரு வரியில்கூடக் குறை கண்டுபிடிக்க முடியாதபடி வாங்கியிருந்தேன்.

பணம் செலவழித்துப் பலகை நடவில்லையே, துண்டறிக்கை அடிக்கவில்லையே என்று நண்பர்கள் குறைப்பட்டார்கள். தேவையில்லை. சாவடியை நடத்தப் போகிறவர் ஒரு பக்கத்து ஆளாக ஊர் முழுக்கத் தெரிவது நல்லதில்லை என்பது என் உறுதியான எண்ணம். கதவைத் தட்டி, "நான் இந்தத் தெருவில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், உங்கள் ஓட்டைச் சரியாக எண்ண நான் பொறுப்பு" என்று சொன்னால் போதும்.

நம் ஆட்கள் சொன்னதையும் சொல்ல வேண்டும். "நமக்கு எதற்கு இந்த வம்பு? 2020க்குப் பிறகு தேர்தல் வேலை பார்த்தவர்களுக்கு எத்தனை மிரட்டல் வந்தது, தெரியாதா?" என்று தமிழ்ச் சங்கத்தில் பெரியவர் ஒருவர் கேட்டார். தெரியும். தெரிந்துதான் நின்றேன். மிரட்டலுக்குப் பயந்து ஆட்கள் விலகினால், சட்டம் தெரியாதவரும் மைத்துனர்களும் அந்த மேஜையில் உட்காருவார்கள். காலை ஏழு மணிக்குக் கதவு திறப்பதிலிருந்து இரவு எட்டு மணிக்கு வரிசையில் நிற்கும் கடைசி ஆளுக்கும் ஓட்டு உண்டு என்று சொல்வது வரை அங்கே பொறுப்பு ஜட்ஜுடையது. பிரசாரம் செய்பவரைப் பத்தடி தள்ளி நிறுத்துவதும் அவர்தான். பட்டியலில் பெயர் இல்லை என்று திரும்பப் போகிறவரை நிறுத்தி, தற்காலிகச் சீட்டு கொடுத்து, அதன் உறையில் மைனாரிட்டி இன்ஸ்பெக்டரோடு சேர்ந்து கையெழுத்துப் போடுபவரும் அவர்தான். தபால் ஓட்டுச் சீட்டை உறையோடு கொண்டுவந்து ஒப்படைப்பவர் அங்கேயே நேரில் ஓட்டுப் போடலாம் என்பது தெரியாத ஜட்ஜ், அவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். ஒரு மனிதரின் ஓட்டு அந்த மேஜையில் காப்பாற்றப்படுகிறது, அல்லது தொலைந்து போகிறது. இதைவிடப் பெரிய பொதுக்காரியம் நம் தெருவில் வேறு என்ன இருக்கிறது?

அடுத்த தேர்தல் 2029இல்தான் என்று விட்டுவிடாதீர்கள். காலியான இடங்களைக் கவுண்டி நீதிமன்றம் நியமனத்தால் நிரப்பும். தேர்தல் நாளன்று காலையில் ஆள் வராவிட்டால் வந்து நிற்கும் வாக்காளர்களே அங்கேயே ஒருவரைத் தேர்ந்தெடுக்கவும் வழி இருக்கிறது. உங்கள் கவுண்டி தேர்தல் அலுவலகத்துக்கு இந்த வாரமே போன் செய்து, உங்கள் சாவடியில் ஜட்ஜ் யார், இன்ஸ்பெக்டர்கள் யார், எந்த இடம் காலி என்று கேளுங்கள். வீட்டில் பதினேழு வயதுப் பிள்ளை இருந்தால், பள்ளியும் நீங்களும் சம்மதித்தால் கிளார்க்காக உட்காரலாம். எங்கள் சாவடிக்கு இரண்டு கிளார்க் தேவைப்படுகிறார்கள். அதில் ஒருவராவது தமிழ் பேசத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.