அழித்தும் டிஸ்க்கில் இடம் வரவில்லையா?

வில்லியனூர், பாகூர் பக்கம் உபுண்டு போட்ட கடைக் கணினிகளைப் பார்க்கப் போனால், அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "பெரிய ஃபைலையெல்லாம் அழிச்சிட்டேன் சார், இடம் மட்டும் வரமாட்டேங்குது." அவர்கள் சொல்வது உண்மைதான்.

முதலில் குப்பைத் தொட்டியைக் காலி செய்யுங்கள். பென்டிரைவில் அழித்தவை அதற்குள்ளேயே ஒரு மறைவான ஃபோல்டரில் கிடக்கும். கன்ட்ரோல்-எச் அழுத்தினால் தெரியும்.

அடுத்து டெர்மினல். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், ஆங்கில எழுத்தில் தட்டுங்கள். 'ஆர்எம்' போட்டால் தொட்டிக்குப் போகாது, நேராகப் போய்விடும். ஆனால் போவது பெயர்தான். கெர்னலிடம் 'ஆர்எம்' கேட்பது 'அன்லிங்க்', அதாவது பெயரின் முடிச்சை அவிழ்ப்பது. அளவு, உரிமையாளர், டிஸ்க்கில் எந்த இடம் என்பதெல்லாம் 'ஐநோட்' என்ற தனிப் பதிவில் இருக்கின்றன. ஒரு பெயரும் மிச்சமில்லாமல், எந்த நிரலும் திறந்து வைத்திராதபோதுதான் அந்த இடம் விடுபடும். பட்டாவில் பெயரை அடித்துவிட்டாலும், குத்தகைக்காரர் உழுதுகொண்டிருக்கும்வரை நிலம் காலியில்லை அல்லவா?

எல்லோரும் தடுக்கி விழும் இடம் இது. 'டிஎஃப் -எச்' டிஸ்க் நிறைந்திருக்கிறது என்று காட்டும். ஃபோல்டர்களை 'டியூ' போட்டுக் கூட்டினால் கணக்கு குறையும். உடனே 'சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1' தட்டுங்கள் (கூட்டல் குறிக்குப் பின் வரும் எல் மட்டும் பெரிய எழுத்து). பெயர் இழந்தும் திறந்திருக்கும் ஃபைல்கள் வரிசையாக வரும். எந்த நிரல், அதன் பிஐடி எண், எஃப்டி எண், அளவு எல்லாம் அதிலேயே இருக்கும். அந்த நிரலை மட்டும் நிறுத்தித் தொடங்கினால் போதும், இடம் திரும்பிவிடும்.

ரீபூட் செய்தாலும் சரியாகும்தான். நான் விடமாட்டேன். தவறி அழித்த ஃபைல் அந்தப் பட்டியலில் இருந்தால், ரீபூட்டோடு அதுவும் போய்விடும். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். பிஐடி 2314, எஃப்டி 4 என்றால், '/பிராக்/2314/எஃப்டி/4' என்பதை 'சூடோ சிபி' போட்டு வேறொரு டிரைவுக்கு நகலெடுங்கள். அதே டிஸ்க்கில் வேண்டாம், அதில்தான் இடமில்லையே. ஒரு உரக்கடையில் பில் பதிவை இப்படித்தான் மீட்டேன். கடைக்காரர் பதற்றத்தில் நிரலை மூடாமல் விட்டதே உதவியது. மூடியிருந்தால், இன்றைய எக்ஸ்ட்4 அமைப்பில் மீட்பது பெரும்பாடு.

வளர்ந்துகொண்டே போகும் லாக் ஃபைலுக்கு 'ஆர்எம்' வேண்டவே வேண்டாம். 'ட்ரங்கேட் -எஸ் 0' என்று போட்டு ஃபைல் பெயரைக் கொடுங்கள். பெயர் இருக்கும், உள்ளே மட்டும் காலியாகும், இடம் அப்போதே வரும்.

பழைய கணினியை விற்கும் முன் அழித்தால் மட்டும் போதாது; பெயர் போன பிறகும் தரவு டிஸ்க்கில் கிடக்கலாம். ஹார்ட்டிஸ்க் என்றால் முழு டிஸ்க்குக்கும் 'ஷ்ரெட்' போடுங்கள். எஸ்எஸ்டியில் மேலே எழுதுவது பழைய இடத்திலேயே விழும் என்ற உறுதியில்லை. அதைக் கழற்றி வைத்துக்கொண்டு மீதியை விற்றுவிடுங்கள்.